“போனைக் கேக்கவே இல்ல மேடம்”

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு வாரம். குழந்தைகள் வார்டில் பாதிக் கட்டில்கள் டெங்குவுக்கே போய்விட்டிருந்தன. மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி நர்சிங் மாணவிகள் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு கிளினிக்கல் போஸ்டிங், அதாவது வார்டிலேயே நடக்கும் பயிற்சிக்குப் போயிருந்தேன். அன்றைக்கு ஒரு மாணவிக்கு ப்ரொசீஜர் மதிப்பீடு. படுக்கையில் வைத்தே உடம்பு துடைத்துவிடும் ஸ்பாஞ்ச் பாத். என் கையில் செக்லிஸ்ட். தட்டை ஒழுங்காக அடுக்கினாளா, திரையை இழுத்தாளா, தண்ணீரின் சூட்டைப் பார்த்தாளா என்று வரிசையாகக் கட்டங்கள்.

பையனுக்குப் பத்து வயது. காய்ச்சல் தொடங்கி ஐந்தாவது நாள். முந்தின இரவோடு காய்ச்சல் விட்டிருந்தது. “காய்ச்சல் விட்டுருச்சு சிஸ்டர், இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பிருவாங்களா?” என்று அவன் அம்மா என்னிடமே இரண்டு முறை கேட்டுவிட்டார். நாலு நாள் தூக்கமில்லாத முகத்தில் அன்றுதான் கொஞ்சம் தெளிவு.

மாணவி துடைப்பதைப் பாதியில் நிறுத்தி என் பக்கம் திரும்பினாள். “மேடம், இவன் நேத்து பூரா அம்மாகிட்ட போனுக்குச் சண்டை போட்டுட்டே இருந்தான். இன்னிக்குப் பக்கத்துலயே கிடக்கு. கேக்கவே இல்ல மேடம்.”

“சரி, அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல இதை முடி” என்றேன்.

முடித்தாள். நன்றாகவே செய்தாள். பிரஷர் பார்த்து 100/84 என்று எழுதினாள். நான் அந்த நூறை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்து, ரவுண்ட்ஸுக்கு முன்னால் கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்த வார்டு சிஸ்டர் அந்தப் பையனின் பாதத்தைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை. விரல் நகத்தை அழுத்திவிட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். திரும்ப நேரமானது. “டாக்டரை வரச் சொல்லு” என்று சத்தம் போடாமல் சொன்னார். ட்ரிப்ஸ் ஏறியது, ரத்தம் எடுத்துப் போனார்கள், மறுபடி மறுபடி பிரஷர் பார்த்தார்கள். அதிலிருந்து நாலாம் நாள் பையன் வீட்டுக்குப் போனான்.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் இது வரும். ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசியத் தொடங்குகிறது. உடம்பு அதை ஈடுகட்ட, கை கால்களுக்குப் போகும் குழாய்களை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் மேல் பிரஷர் விழாமல் நிற்கும்; கீழ்ப் பிரஷர் மேலே ஏறும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் அது ஷாக், உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை. 100-ல் 84 போனால் 16. வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு, சோர்ந்துபோதல் அல்லது நிலைகொள்ளாமல் தவித்தல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டியில் உள்ள அபாய அறிகுறிகளை நான் வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறேன். பரீட்சையில் கேட்டால் அந்த வகுப்பில் ஒருத்தி கூட அதை விடமாட்டாள்.

ஆனால் “போனைக் கேக்கவே இல்ல” என்பது அந்தப் பட்டியலில் எந்த வரி என்று அவளுக்குத் தெரியவில்லை. பட்டியல் முழுக்கத் தெரிந்த எனக்கு, அவள் சொன்னது காதிலேயே விழவில்லை. அவள் பார்த்ததையும் நான் படித்ததையும் சேர்த்திருந்தால் முக்கால் மணி நேரம் முன்னாலேயே அந்தப் பாதத்தைத் தொட்டிருப்போம். சேர்த்து வைக்க வேண்டியது என் வேலை. அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

மறுநாள் வார்டு வேலைக்குப் பிறகு கூடிப் பேசும் போஸ்ட் கான்ஃபரன்ஸில், பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருக்கும்போது அவளிடம் சொன்னேன். “நீ கவனிச்சது சரி. நிறுத்தினது நான். அது என் தப்பு.” அவள் பயந்துபோய், “இல்ல மேடம், பரவாயில்ல மேடம்” என்றாள். ஒரு டீச்சர் தப்பை ஒத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு அத்தனை பயம் வருகிறது. அது என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது.

அந்த வாரத்துக்குப் பிறகுதான் கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட், அதாவது நோயாளியிடம் பார்த்ததை வைத்து என்ன நடக்கிறது, என்ன செய்வது என்று முடிவெடுப்பது என்கிற விஷயத்தை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். தமிழில் அதை என்னவென்று சொல்வது என்று எங்கள் துறையில் ஒரு நாள் பேச்சு வந்தது. ‘மருத்துவத் தீர்ப்பு’ என்றால் கோர்ட்டு மாதிரி இருக்கிறது. ஒரு மூத்த மேடம், “பதம் தெரியுறதுன்னு சொல்லுங்களேன்” என்றார். எனக்கு அது பிடித்துவிட்டது. என் அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது இத்தனை நிமிஷம் என்று சொன்னதே இல்லை. கரண்டியிலிருந்து ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, என் விரலால் உருட்டச் சொல்வார். “கரையுது பாரு, இன்னும் ஆகல.” கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப உருட்டிப் பாரு.” தன் விரலுக்குத் தெரிவதை என் விரலுக்கும் தெரியவைத்தார். நான் மாணவிகளுக்குச் செய்யாமல் விட்டது அதைத்தான்.

அமெரிக்காவில் நர்சிங் பேராசிரியராக இருந்த கிறிஸ்டின் டானர் 2006-ல், அதுவரை வந்திருந்த ஏறக்குறைய 200 ஆய்வுகளைத் திரட்டிப் படித்து, ஒரு நர்ஸ் எப்படி யோசிக்கிறார் என்று எழுதினார். கவனிக்கிறார், அதற்குப் பொருள் காண்கிறார், அதன்படி செய்கிறார், செய்ததைத் திரும்பிப் பார்க்கிறார். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திய இடம் வேறு. நோயாளியைத் தெரிந்து வைத்திருப்பது, அவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்று தெரிந்திருப்பது, நல்ல முடிவுக்கு அடிப்படை என்கிறார். நேற்று போனுக்குச் சண்டை போட்டவன் இன்று போடவில்லை. அந்த மாணவிக்கு அவனைத் தெரிந்திருந்தது. எனக்கு அவன் வெறும் டெங்கு கேஸ்.

நைட்டிங்கேல் அம்மையார் அந்தக் காலத்திலேயே இதைப் பேசியிருக்கிறார். நர்சுகளுக்குக் கற்றுத்தர வேண்டிய முக்கியமான பாடம் எதைக் கவனிப்பது, எப்படிக் கவனிப்பது என்பதுதான் என்கிறார். ‘ராத்திரி நல்லாத் தூங்கினாரா’ என்று கேட்காதே, எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்நேரத்தில் தூங்கினார் என்று கேள் என்கிறார். நூற்றறுபது வருஷத்துக்கு மேலாகியும் நம் வார்டுகளில் காலையில் அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரில் “பேஷன்ட் ஸ்லெப்ட் வெல்” என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சரி, மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று கிளம்பினால், முதலில் இடிப்பது நாங்கள்தான். அமெரிக்க நர்சிங் அறிஞர் பாட்ரிஷியா பென்னர் 1984-ல் எழுதியது நர்சிங் படித்த எல்லாருக்கும் தெரியும்: புதியவர் தொடங்கி வல்லுநர் வரை ஐந்து படிகள். சதுரங்க ஆட்டக்காரர்களையும் விமானிகளையும் வைத்து, திறமை எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று டிரைஃபஸ் சகோதரர்கள் சொன்னதை அவர் நர்சுகளுக்குப் பொருத்திப் பார்த்தார். புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வல்லுநருக்கு விதி தேவைப்படுவதில்லை, பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. இதை நாங்கள் வகுப்பில் படம் போட்டு நடத்துகிறோம். இதில் ஆசிரியருக்கு ஒரு சங்கடம் இருப்பதை மட்டும் யாரும் நடத்துவதில்லை. பார்த்ததும் தெரிகிறவருக்கு, எதைப் பார்த்துத் தெரிந்தது என்று சொல்ல வராது. சொல்ல வராததை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இன்னொரு சங்கடமும் உண்டு. அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். எங்களில் பலர் வல்லுநர் படிக்கு ஏறவே இல்லை. டிகிரி முடித்து ஒன்றிரண்டு வருஷம் வார்டில் வேலை, பிறகு எம்.எஸ்சி, அப்புறம் நேராக வகுப்பறை. என் பாதையும் அதுதான். கல்லூரி ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம். வார்டுக்குப் போகும்போது நாங்கள் விருந்தாளிகள். வேலூர் சி.எம்.சி-யில் வெகுகாலமாகவே நர்சிங் கல்வியையும் நர்சிங் சேவையையும் ஒன்றாக இணைத்து வைத்திருக்கிறார்கள். பாடம் நடத்துகிறவருக்கு வார்டிலும் பொறுப்பு உண்டு. 1946-லேயே நர்சிங்கில் பட்டப்படிப்பைத் தொடங்கிய இடம் அது. அந்த ஏற்பாடு எல்லா இடத்திலும் இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது.

ஆசிரியர்களுக்கான பயிற்சி என்று எங்களுக்கு நடப்பது என்ன? வருஷத்துக்கு ஒன்றிரண்டு எஃப்.டி.பி என்கிற ஆசிரியர் மேம்பாட்டு முகாம். ஏசி ஹாலில் குத்துவிளக்கு, வரவேற்புரை, ‘கிரிட்டிக்கல் திங்கிங்’ பற்றி எண்பது ஸ்லைடு, மத்தியானச் சாப்பாடு, கையில் சான்றிதழ். வருகிறவர்கள் நல்ல பேச்சாளர்கள், விஷயம் தெரிந்தவர்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நோயாளி இல்லாத அறையில் உட்கார்ந்து நோயாளியைக் கவனிக்கக் கற்றுக்கொள்ள முடியாது. திரும்பி வந்து திங்கட்கிழமை அதே செக்லிஸ்ட்டோடு அதே வார்டில் நிற்போம்.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். பிரின்சிபால் மேடத்திடம் கேட்டு, புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை வாங்கிக்கொண்டோம். மாணவிகள் இல்லாமல் நாங்கள் மட்டும் வார்டுக்குப் போவது. இதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை, சான்றிதழும் கிடையாது.

முதல் புதன்கிழமை மூச்சு எண்ணினோம். நர்சிங் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும். எந்த ஆஸ்பத்திரியிலும் காய்ச்சல், நாடி, மூச்சு எழுதும் டி.பி.ஆர் சார்ட்டை எடுத்துப் பார்த்தாலும் மூச்சுக் கட்டத்தில் 20, 20, 22, 20 என்று ஓடும். நாடிக்கும் ஆக்சிஜனுக்கும் மெஷின் இருக்கிறது. மூச்சுக்கு மட்டும் ஒரு ஆள் ஒரு முழு நிமிஷம் நின்று மார்பைப் பார்க்க வேண்டும். முப்பது கட்டிலுக்கு இரண்டு ஸ்டாஃப் நர்ஸ் இருக்கும் ஷிஃப்டில் அந்த நிமிஷம் எங்கிருந்து வரும்? ஆனால் உடம்பு கெட்டுப்போவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சுதான். பிரிட்டனில் 2012-லிருந்து பயன்படுத்தும் தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண்ணில் (மதிப்பெண் கூடக்கூட ஆபத்து), பெரியவர்களுக்கு மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம். 21-லிருந்து 24 வரை இரண்டு மதிப்பெண். 25-ம் அதற்கு மேலும் என்றால் மூன்று. எல்லாருக்கும் இருபது என்று எழுதுவது எல்லாருக்கும் பூஜ்யம் போடுவதற்குச் சமம்.

பொது மருத்துவ வார்டில் ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டோம். சார்ட்டில் மூன்று நாளாக 20. ஆறு பேரும் தனித்தனியாக எண்ணித் துண்டுத் தாளில் எழுதி மடித்துக்கொண்டு, வெளியே வராந்தாவில் பிரித்தோம். 26, 27, 26, 28, 24, 20. இருபத்துநாலு எழுதியவர் அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கியிருந்தார். இருபது எழுதியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் எண்ணலங்க. சார்ட்டைப் பார்த்தேன், பழக்கத்துல எழுதிட்டேன்” என்றார். பதினாறு வருஷம் சொல்லிக்கொடுத்தவர். அந்த வராந்தாவில் அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! யாரும் சிரிக்கவில்லை. பெரியவரைப் பற்றி இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். அன்றைக்கு எங்களுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. அதற்குப் பிறகு ஒருவர் முன்னால் ஒருவர் தெரியாது என்று சொல்வது சுலபமாகிவிட்டது.

மூன்றாம் வாரமோ நாலாம் வாரமோ, எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியதாகப் பட்ட ஒன்று நடந்தது. பாதத்தைத் தொட்ட அந்த வார்டு சிஸ்டரை எங்களுக்குச் சொல்லித்தரக் கூப்பிட்டோம். டிப்ளமோ படித்தவர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எம்.எஸ்சி படித்தவர்களுக்கு நான் என்ன சொல்வது என்று தயங்கினார். “அந்தப் பையன்கிட்ட ஏன் சிஸ்டர் போனீங்க? உங்களை யாரும் கூப்பிடலையே” என்று கேட்டோம்.

“முகத்துல களையே இல்ல மேடம்.”

“களை இல்லேன்னா என்ன சிஸ்டர்?”

“என்ன மேடம், பார்த்தாலே தெரியுமே.”

இந்த இடத்தில்தான் நாங்கள் எப்போதும் நின்றுவிடுவோம். அன்றைக்கு விடவில்லை. பழைய கேஸ்கள் மூன்றைச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கண் எங்கே போனது, கை எங்கே போனது என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். அவருக்கே அலுத்துப்போனது. ஆனால் மெல்ல மெல்ல வந்தது. வார்டுக்குள் யாராவது நுழைந்தால் குழந்தையின் கண் அந்தப் பக்கம் திரும்புகிறதா. மேல் உதட்டில் வேர்வை மணி இருக்கிறதா. காய்ச்சல் விட்ட பிறகும் போர்வையைக் காலடியில் இழுத்துவிட்டுக் கொள்கிறதா. அம்மா பேசும் வேகம் நேற்றைவிடக் கூடியிருக்கிறதா. “ஊசி போடும்போது அழுற பிள்ளையைப் பத்திக் கவலையே இல்ல மேடம். கையைக் குடுத்துட்டுச் சும்மா படுத்திருக்கு பாருங்க, அதான் எனக்குப் பயம்.”

இதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பெண்மணி இதைக் கண்ணிலும் கையிலும் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே நடந்திருக்கிறார். நாங்கள் அவரைத் தாண்டிப்போய் ப்ரொசீஜர் மேனுவலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ‘களை இல்லை’ என்ற இரண்டு சொல்லுக்குள் ரத்த ஓட்டம், விழிப்பு நிலை, வலி, பயம் எல்லாம் அடங்கியிருக்கிறது. இப்போது மாணவிகளிடம் அந்தச் சொல்லையே கொடுத்து, “களை இல்லேன்னு தோணுச்சா? எதைப் பார்த்துத் தோணுச்சு, மூணு சொல்லு” என்று கேட்கிறோம்.

இங்கே மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். வார்டில் அவர்கள் பார்ப்பது தமிழில். நோயாளிக்கு என்ன கவனிப்பு என்று திட்டமிடும் கேர் பிளானை எழுத வேண்டியது ஆங்கிலத்தில், அதுவும் நர்சிங் கணிப்புகளுக்கான நாண்டா பட்டியலில் உள்ள வாக்கியத்தில். அதனால் என்ன நடக்கிறது? கட்டிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு சீனியர் எழுதிய கேர் பிளானைப் பார்க்கிறார்கள். ரத்த ஓட்டம் போதவில்லை என்பதற்கு ‘இன்எஃபெக்டிவ் டிஷ்யூ பெர்ஃப்யூஷன்’ என்று அழகாக எழுதியிருப்பாள். அந்த நோயாளியின் பாதம் சில்லென்று இருந்ததா என்று கேட்டால் தொட்டுப் பார்த்திருக்க மாட்டாள். இதற்கு அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாம் திருத்துவது தாளைத்தானே. இப்போது எங்கள் குழுவில் உள்ளவர்கள், பார்த்ததை முதலில் தமிழில் வாயால் சொல்ல வைக்கிறோம், நோயாளியின் கட்டிலருகிலேயே. ஆங்கில வாக்கியம் அதற்கு அப்புறம். சொல்லாமல் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்.

எங்கள் கேள்விகளையும் நாங்களே பதிவு செய்து கேட்டோம். நான் என் பதிவைக் கேட்டபோது இருபது நிமிஷத்தில் முப்பத்தொரு கேள்வி கேட்டிருந்தேன். அதில் இருபத்தேழுக்கு ஒற்றைச் சொல்லில் பதில். “நார்மல் வேல்யூ என்ன?” “எந்த சைடு?” “எத்தனை எம்.எல்?” பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தேன். பள்ளி வகுப்பறைகளில் ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மேரி பட் ரோ என்பவர் 1970-களில் அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாகவும் யோசனையோடும் வந்தன. மூன்று விநாடி சும்மா நிற்பது எவ்வளவு கடினம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். நான் மனசுக்குள் எண்ணிக்கொள்கிறேன்.

கேட்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. “ஏன் இப்படிப் பண்ணே?” என்று நாம் கேட்டால் தமிழில் அது திட்டுதான், கேள்வி இல்லை. ஜென்னி ருடால்ஃபும் அவருடைய சகாக்களும் 2006-ல் சிமுலேஷன் (பாவனை நோயாளியை வைத்துச் செய்யும்) பயிற்சிக்குப் பிந்தைய உரையாடல் பற்றி எழுதியதில் ஒரு வழி இருக்கிறது. நான் பார்த்ததைச் சொல்வது, அதைப் பற்றி என் கவலையைச் சொல்வது, பிறகு உன் மனசில் என்ன ஓடியது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது. “நீ ட்ரிப்ஸ் வேகத்தைக் குறைச்சதைப் பார்த்தேன். அவங்களுக்கு யூரின் குறைவா இருக்கேன்னு எனக்குக் கவலையா இருந்துச்சு. உனக்கு அப்ப என்ன தோணுச்சு?” இதை நாங்கள் ஒருவரோடு ஒருவர் பழகிப் பார்த்தோம். முதல் இரண்டு வாரம் நாடக வசனம் போல இருந்தது. பிறகு நாக்குக்கு வந்துவிட்டது.

அதைவிடக் கடினம், கவனித்ததை மேலே சொல்வது. மாணவி வார்டு சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு ஸ்டாஃப் நர்ஸானதும் நள்ளிரவில் டியூட்டி டாக்டரை எழுப்பிச் சொல்ல வேண்டும். “சார், பேஷன்ட் ஒரு மாதிரியா இருக்காங்க சார்” என்று சொன்னால், “ஒரு மாதிரின்னா என்னம்மா?” என்று எரிச்சல் வரும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைகளுக்கு வந்த எஸ்பார் முறை இதற்குத்தான்: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, எனக்கு என்ன வேண்டும். இதைப் பாடமாக எல்லாரும் நடத்துகிறோம். நாங்கள் ஒரு புதன்கிழமை முழுக்க ஒருவர் டாக்டராகவும் ஒருவர் நர்ஸாகவும் இருந்து போனில் பேசிப் பழகினோம். முதல் இரண்டு பகுதி எல்லாருக்கும் வந்தது. “என் கணிப்பு” என்ற மூன்றாம் பகுதியில் ஆறு பேரும் தடுமாறினோம். “ஷாக்கா இருக்கும்னு நினைக்கிறேன்” என்று சொல்ல வாய் வரவில்லை. ஆர்டருக்குக் காத்திருக்கப் பழக்கப்பட்ட நாக்கு. இந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாத டீச்சர், மாணவியை எப்படிச் சொல்ல வைப்பார்?

எதிர்ப்பே இல்லாமல் இல்லை. ‘பதம்’ என்ற சொல்லைக் கொடுத்த அதே மூத்த மேடம்தான், “இதெல்லாம் அனுபவத்துல தானா வரும்மா, சொல்லிக்கொடுத்து வராது” என்றார். பாதி சரி. ஆனால் அனுபவம் தானாக எதையும் தருவதாக எனக்குத் தோன்றவில்லை. இருபது வருஷம் எண்ணாமல் இருபது என்று எழுதினால் அதுவும் அனுபவம்தானே. பிறகு அவரும் ஒரு புதன்கிழமை வந்தார். இப்போது அவர்தான் எங்கள் எல்லாரையும்விடப் பொறுமையாகக் காத்திருக்கிறார்.

2023 ஏப்ரலிலிருந்து அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு புதிய வடிவத்தில் வருகிறது. விரிந்துகொண்டே போகும் கேஸ்களைக் கொடுத்து, எந்தக் குறிப்பைக் கவனிப்பாய், எதை முதலில் சந்தேகிப்பாய், என்ன செய்வாய், செய்தது பலித்ததா என்று ஆறு படிகளில் சோதிக்கிறார்கள். வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகள் கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் என்ற சொல்லை இப்போது எங்களைவிட அதிகமாகச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த ஆறு படிகளையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறார்கள். அதைக் கேட்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. இங்கே இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பாடத்திட்டமும் செமஸ்டர் முறையும் வந்திருக்கின்றன. கவுன்சில் கணக்குப்படி பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர். தாளில் இருப்பது அது. போஸ்டிங்கில் என்னோடு நிற்பது எத்தனை பேர் என்பது அந்த வாரம் யார் லீவு என்பதைப் பொறுத்தது. இன்ஸ்பெக்ஷன் வந்தால் புதன்கிழமை போய்விடும். பரீட்சை வந்தால் ஒரு மாதம் போய்விடும். எங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் சின்னதாக ஒன்று செய்ய முடிந்தது. அமெரிக்க நர்சிங் பேராசிரியர் காத்தி லாசட்டர் 2007-ல், டானர் சொன்ன நாலு பகுதிகளையும் வைத்து ஒரு மதிப்பீட்டுச் சட்டகம் செய்தார். தொடக்க நிலையில் இருக்கும் மாணவி எப்படிக் கவனிப்பாள், கொஞ்சம் தேறியவள் எப்படி, நன்றாகத் தேர்ந்தவள் எப்படி என்று வர்ணித்திருக்கும். அதைத் தமிழாக்கி, செக்லிஸ்ட்டின் பின்பக்கம் அச்சடித்தோம். பல்கலைக்கழகத் தேர்வுக்கு இது சேராது. உள் மதிப்பீட்டில் ஒரு சின்னப் பங்கு மட்டும். ஆனாலும் மதிப்பீட்டின்போது மாணவி, “மேடம், இவங்க…” என்று தொடங்கினால் இப்போது தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்பக்கத்துக் கட்டங்கள் காத்திருக்கும்.

போன மாதம் சர்ஜரி வார்டில் நடந்தது இது. புதிதாகச் சேர்ந்த டியூட்டர் ஒருவர் என்னோடு வந்திருந்தார். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாளில் இருந்த ஓர் அம்மாவுக்குக் கட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டாம் ஆண்டு மாணவி நிமிர்ந்தாள்.

“மேடம், இவங்க காலையில இருந்து தலையணையை மேல மேல ஏத்திட்டே இருக்காங்க.”

“என்ன நினைக்கிற?” என்று கேட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எண்ணினேன்.

“வலியா இருக்கலாம் மேடம். ஆனா வலின்னா ஆபரேஷன் பண்ண பக்கம் கையை வச்சுக்குவாங்கல்ல? இவங்க நிமிர்ந்து உக்காரத்தான் பாக்குறாங்க. மூச்சு கஷ்டமா இருக்குமோ?”

“எனக்கும் தெரியல. எண்ணிப் பார்க்கலாம்” என்றேன். நாடி பார்ப்பது போல அவள் அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நானும் டியூட்டரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று கடிகாரத்தைப் பார்த்தோம். ஒரு முழு நிமிஷம். அவளுக்கு 26. எனக்கு 26. டியூட்டருக்கு 25. சார்ட்டில் காலை ஆறு மணிக்கு 20.

அவள் கையைக் கழுவிவிட்டு நர்சிங் ஸ்டேஷனுக்குப் போனாள். நான் கூடப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றேன். “சிஸ்டர், ஒன்பதாம் பெட் அம்மாவுக்கு மூச்சு 26 இருக்கு, மூணு பேர் எண்ணினோம். ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள். காலையிலேருந்து நிமிர்ந்து உக்காரவே பாக்குறாங்க. நெஞ்சுல ஏதோ ஆரம்பிக்குதுன்னு நினைக்கிறேன் சிஸ்டர். நீங்க வந்து ஒரு தடவை பாக்கணும்.”

சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த ரெஜிஸ்டரை மூடிவிட்டு எழுந்து வந்தார்.